லானியின் வலது இடுப்பு

உட்கார்ந்தால் குத்தியது. நின்றால் தெரிந்தது.

லானி ப்ரூவிட் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து பார்த்தார், எழுந்து பார்த்தார், கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தார். பெல்ட்டுக்குள், வலது இடுப்புக்குச் சற்றுப் பின்னால், உறையோடு கைத்துப்பாக்கி. வலது பாக்கெட்டில் கிளிப் போட்டு மாட்டிய மடக்குக்கத்தி. தனித்தனியாக இரண்டும் சொன்ன பேச்சுக் கேட்கும். சேர்த்து வைத்தால்தான் தகராறு. உட்காரும்போது உறை கத்தியைத் தள்ளியது, கத்தி தொடையைத் தள்ளியது, தொடை லானியையே கட்டிலிலிருந்து தள்ளியது.

அவர் மனைவி டார்லா காப்பிக் கோப்பையோடு கதவில் சாய்ந்துகொண்டு இதையெல்லாம் ரசித்துக்கொண்டிருந்தாள்.

"முட்டை போட இடம் தேடுற கோழி மாதிரியே இருக்கு."

"சும்மா இரு டார்லா. தெரியுதா, தெரியலையா, அதை மட்டும் சொல்லு."

"உட்கார்ந்தா தெரியல. ஆனா உன் மூஞ்சில தெரியுது."

"மூஞ்சில என்ன?"

"வலி. கத்தியை வீட்டுல வச்சிட்டுப் போயேன்."

லானி அவளை ஒரு பார்வை பார்த்தார். எங்கள் ஹார்லன் க்ரீக் ஊரில் ஓர் ஆண்பிள்ளை சட்டை போடாமல் கடைத்தெருவுக்கு வந்தால்கூட ஏதோ கஷ்டம் போலிருக்கிறது என்று விட்டுவிடுவார்கள். பாக்கெட்டில் கத்தி இல்லாமல் வந்தால் பேசியே கொன்றுவிடுவார்கள். 'யாருகிட்ட கத்தி இருக்கு?' என்று எங்கே ஒரு குரல் கேட்டாலும் ஏழெட்டுக் கைகள் பாக்கெட்டுக்குப் போகும். அதில் முதலில் வெளியே வருவது லானியின் கை. சபையில் அவருக்கு இருந்த ஒரே பெருமை அதுதான், மற்றபடி ஆராதனை முடிந்ததும் நாற்காலி மடக்குகிற வேலை.

"சரி, அப்ப துப்பாக்கியை வச்சிட்டுப் போ," என்றாள் டார்லா.

"இன்னிக்கா?"

இன்றைக்கு முடியாது. இன்றைக்குத்தான் பரீட்சை.

எங்கள் சபைக்கு ஒரு பாதுகாப்புக் குழு உண்டு. அதில் யார் யார் இருக்கிறார்கள் என்பது யாருக்கும் தெரியக்கூடாது. தலைவர் கார்லண்ட் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் கார்லண்ட் போலீஸில் துணை ஷெரிஃப்பாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறடி உயரமும் அரையடி மீசையுமாக வாசலில் நிற்கிற மனிதரை எந்தத் துணியைப் போட்டு மறைப்பது? குழுவில் தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அவரிடம்தான் லானி ஒரு வருடமாக நடையாய் நடந்தார். கடைசியில் கார்லண்ட் இரங்கி வந்தார்.

"ஒரே ஒரு ஞாயிறு, லானி. வண்டியை விட்டு இறங்கினதுல இருந்து சாப்பாடு முடியற வரைக்கும். உன் இடுப்புல என்ன இருக்குன்னு ஒரே ஒரு ஆளுக்குத் தெரிஞ்சாலும் அதோட சரி. அப்புறம் இந்தப் பேச்சை எடுக்கவே கூடாது."

டிராக்டர் உதிரிபாகக் கடையை இழுத்து மூடிய பிறகு லானியிடம் ஊரில் யாரும் எதுவும் கேட்பதில்லை. அதற்கு முன்னால் எந்த டிராக்டருக்கு எந்த பெல்ட் என்று பத்து மைல் தள்ளியிருப்பவனும் போன் போட்டுக் கேட்பான். இப்போது போனில் வருவது மருந்துக் கடைக்காரன் மட்டும்தான். இந்த மனிதருக்குக் காலையில் எழுந்து சட்டை மாட்டிக்கொள்ள ஒரு காரணம் தேவைப்பட்டது. டார்லாவுக்கு அது தெரியும். அதனால்தான் வாயால் கிண்டல் செய்துகொண்டே, பெரிய கட்டம் போட்ட தொளதொளச் சட்டையைத் தேடி எடுத்து இஸ்திரி போட்டுக் கொடுத்திருந்தாள்.

"கத்தியை இடது பக்கம் மாத்திக்கோ. தீர்ந்துது," என்றாள்.

லானி மாற்றிக்கொண்டார். உட்கார்ந்தார். குத்தவில்லை. நாற்பது வருடத்துக் குடும்ப வாழ்க்கையில் மனைவி சொன்னது இவ்வளவு சீக்கிரம் சரியாகிப்போனதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்கூட வந்தது.

சபை வாசலில் பாஸ்டர் டாயில் ஒரு பெரிய அட்டைப் பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். புதுப் பாட்டுப் புத்தகங்கள். பெட்டியைச் சுற்றிப் பிளாஸ்டிக் பட்டை இறுக்கிக் கட்டியிருந்தது.

"வா லானி, உனக்காகத்தான் காத்திருக்கேன். கத்தியை எடு!"

லானியின் வலது கை வலது பாக்கெட்டுக்குப் போனது. காலி. பிறகுதான் ஞாபகம் வந்தது. இடது கையை இடது பாக்கெட்டுக்குள் விட்டார். அந்தக் கைக்குக் கத்தி எடுத்துப் பழக்கமில்லை; உள்ளே போய்த் துழாவிவிட்டு ஒரு மிட்டாய்க் காகிதத்தோடு வெளியே வந்தது. சரி என்று வலது கையை வயிற்றின் குறுக்கே கொண்டுபோய் இடது பாக்கெட்டை எட்டினார். எட்டியதும் உடம்பு திரும்பியது, உடம்பு திரும்பியதும் சட்டை வலது பக்கம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மேலே ஏறியது. லானி அப்படியே, வயிற்றைக் கட்டிப் பிடித்த நிலையில், அசையாமல் நின்றுவிட்டார்.

"என்ன பிரதர், வயிறு சரியில்லையா?"

"ஆமா பாஸ்டர். வயிறுதான்."

அதற்குள் பின்னாலிருந்து எவனோ ஒருவன் கத்தியை நீட்டிப் பட்டையைச் சரக்கென்று அறுத்துவிட்டான். லானிக்கு நெஞ்சு எரிந்தது. இப்போது வயிற்று வலி பாதி உண்மையாகிவிட்டது.

கழிவறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு யோசித்தார். இடது பாக்கெட் ஒத்துவராது. வலது பாக்கெட் ஒத்துவரவே வராது. முதுகுப் பக்கம்? பெல்ட்டுக்குள், முதுகெலும்பின் மேல், கத்தியைக் குறுக்காகச் செருகிக்கொண்டார். கண்ணாடியில் பார்த்தார். எதுவும் தெரியவில்லை. சீட்டியடித்துக்கொண்டே வெளியே வந்தார்.

ஆனால் எங்கள் சபையின் பெஞ்சுகள் கெட்டியான கருவாலி மரம். லானி உட்கார்ந்து சாய்ந்ததும் 'டக்' என்றது. நிமிர்ந்தார். மூச்சு விடச் சாய்ந்தார். டக். பாட்டு நடந்தவரைக்கும் கவலையில்லை, வெர்னாவின் பியானோ எல்லாவற்றையும் மூடிவிட்டது. வெர்னா மாதிரி பியானோவை அடித்து வாசிக்கிற ஆளை நான் பார்த்ததில்லை. மேடை ஓரத்தில் சுவரை ஒட்டி, பூப்போட்ட கவுன் போட்டுக்கொண்டு, சபையைப் பார்த்து உட்கார்ந்து வாசிப்பார். பாட்டு நின்றது. பாஸ்டர், "இப்போ அமைதியா ஜெபிப்போம்," என்றார்.

டக்.

முன்பெஞ்சில் இருந்த சிஸ்டர் மாவிஸ் மெதுவாகத் திரும்பினார். ஊரில் யாருக்கு உடம்புக்கு என்றாலும் போன் மேல் போன் போட்டு எல்லோரையும் ஜெபிக்க வைக்கிறவர் இந்த மாவிஸ். சில சமயம் நோயாளிக்கே செய்தி இவர் மூலமாகத்தான் தெரியவரும்.

"லானி," என்று கிசுகிசுத்தார். "அந்தச் சத்தம் உன் எலும்பா?"

வேறு எதுவாக இருந்தாலும் விளக்க வேண்டியிருக்கும்.

"ஆமா சிஸ்டர்."

"எந்த எலும்பு?"

"இடுப்பு."

சொன்ன பிறகுதான், உடம்பில் எத்தனையோ எலும்பு இருக்க இதைப் போய்ச் சொன்னோமே என்று லானிக்குத் தோன்றியது. பக்கத்தில் டார்லா அறிவிப்புத் தாளை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின. மாவிஸ் கையை நீட்டி அவளைத் தட்டிக்கொடுத்தார். "அழாத கண்ணு. ஆண்டவர் இருக்காரு."

அடுத்த பாட்டுக்கு எல்லோரும் எழுந்தபோது, லானி பூட்ஸைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்து, கத்தியை உருவி வலது பூட்ஸுக்குள் போட்டுவிட்டார். சத்தம் நின்றது. நிமிர்ந்தபோது அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"பிரதர் லானி," என்று, பாட்டு முடிந்து எல்லோரும் உட்கார்ந்ததும் மேடையிலிருந்து பாஸ்டர் கூப்பிட்டார். "முன்னாடி ரெண்டு நாற்காலி கொண்டுவந்து போடுறியா?"

நாற்காலி என்றால் லானிதான். எழுந்து நடந்தார். முதல் அடியில் கத்தி கணுக்காலைக் கடித்தது. இரண்டாவது அடியில் நன்றாகக் கடித்தது. மூன்றாவது அடியில் லானி வலது காலை இழுத்து இழுத்து நடக்க ஆரம்பித்தார். நாற்காலியைப் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் சிஸ்டர் மாவிஸ் எழுந்து நின்றுவிட்டார்.

"பாஸ்டர், ஒரு ஜெப விண்ணப்பம்! நம்ம பிரதர் லானிக்கு இடுப்பெலும்பு விட்டுப்போச்சு. மூச்சு விட்டாக்கூடச் சத்தம் கேக்குது. வாயைத் திறந்து சொல்ல மாட்டேங்கறாரு. டார்லா பாவம், அழுதுகிட்டே இருக்கா!"

"வயிறும் சரியில்லைன்னு வாசல்ல சொன்னாரு," என்றார் பாஸ்டர், கலங்கிப்போய்.

சபையே 'ஐயோ' என்றது. கடைசி வரிசையில் நின்ற கார்லண்ட் மீசையை மெதுவாகத் தடவிக்கொண்டார். அந்தத் தடவலைப் பார்த்ததும் லானிக்கு வியர்த்தது.

"ஒண்ணும் இல்லை பாஸ்டர், சும்மா லேசா…"

"கூச்சப்படாத பிரதர். அங்கேயே நில்லு. எல்லாரும் வாங்க, கை வச்சு ஜெபிப்போம்."

வேறு ஊர்களில் எப்படியோ, எங்கள் சபையில் கை வைத்து ஜெபிப்பது என்றால் தோளில் நாசூக்காக இரண்டு விரல் வைப்பது கிடையாது. வலி எங்கேயோ கை அங்கே. நாற்பது ஐம்பது பேர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு லானியின் இடுப்பை நோக்கி வந்தார்கள்.

"எந்தப் பக்கம் பிரதர்?"

"இடது! இடது பக்கம்!"

"நொண்டினது வலது கால் ஆச்சே?" என்றார் மாவிஸ்.

"அது… இடதுல ஆரம்பிச்சு வலதுல போய் முடியுது."

"ஐயையோ, அப்ப ரெண்டு பக்கமும் வைங்க!"

வைத்தார்கள். லானி வலது பக்கத்தைக் காப்பாற்ற இடது பக்கமாக வளைந்தார். அங்கே நின்றவர்கள் பாசத்தோடு நிமிர்த்திவிட்டார்கள். முன்னால் சாய்ந்தார். பாஸ்டர் தாங்கிப் பிடித்தார். அந்த நேரத்தில் பியானோவை விட்டு இறங்கி வந்த வெர்னா, கூட்டத்தை விலக்கிக்கொண்டு, தன் அகன்ற உள்ளங்கையை நேராக வலது இடுப்பில், துப்பாக்கிப் பிடியின் மேலேயே வைத்தார்.

வெர்னாவின் ஜெபம் ஒரு கணம் நின்றது. பிறகு முன்னைவிடச் சத்தமாகத் தொடர்ந்தது.

லானிக்கு எல்லாம் முடிந்துவிட்டது போலிருந்தது. ஒரே ஒரு ஆளுக்குத் தெரிந்தாலும் அதோடு சரி என்று கார்லண்ட் சொல்லியிருந்தார். தெரிந்துவிட்டது. ஒரு வருட நடை வீண். ஆனாலும் ஒரு சின்ன ஆசை: வெர்னா யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டால்?

"ஆமென்!" என்றார் பாஸ்டர். "பிரதர் லானி, விசுவாசத்தோட நட!"

நொண்டினால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். அங்கே முதலில் பெல்ட்டைத்தான் கழற்றுவார்கள். லானி பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நடந்தார். கத்தி கணுக்காலில் இறங்கியது. கண்ணில் கரகரவென்று தண்ணீர் வந்தது.

"பாருங்க, எப்படிக் கண்ணீர் விடுறாரு!" என்று மாவிஸ் கைதட்டினார். "அல்லேலூயா! ஓடு லானி, ஓடு!"

சபை முழுவதும் கைதட்டியது. வேறு வழியில்லாமல் லானி ஓடினார். இரண்டாவது துள்ளலில் பூட்ஸுக்குள்ளிருந்து கத்தி எகிறிக் குதித்து, தரையில் சர்ரென்று வழுக்கிக்கொண்டே போய், கார்லண்டின் கால் பக்கத்தில் நின்றது.

கைதட்டல் அடங்கியது.

"கத்தியா?" என்றார் பாஸ்டர். "அப்ப குத்திக்கிட்டு இருந்தது இதுதானா?"

எல்லோரும் சிரித்தார்கள். லானியும் சிரித்தார். இத்தோடு தப்பித்தோம் என்று நினைத்தார். அப்போதுதான் சிஸ்டர் மாவிஸ் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"பாக்கெட் இருக்கும்போது கத்தியை ஏன் பூட்ஸ்ல போட்ட?"

வேறு எந்த ஊர் சபையாக இருந்தாலும் அது பதில் தெரியாத கேள்வியாகவே போயிருக்கும். இது ஓக்லஹோமா. இங்கே பிறந்தவர்களுக்குக் கத்தி எப்போது பாக்கெட்டை விட்டு வெளியேறும் என்பது நன்றாகத் தெரியும். பக்கத்தில் அதைவிடப் பெரிய குடித்தனக்காரர் வந்தால்தான் வெளியேறும். அத்தனை கண்களும் ஒரே நேரத்தில் லானியின் வலது இடுப்புக்குத் திரும்பின.

"ஓ!" என்றார் மாவிஸ். "ஒன்பது மில்லி துப்பாக்கியா?"

சாப்பாட்டுக் கூடத்தில் லானியால் ஒரு வாய் நிம்மதியாகச் சாப்பிட முடியவில்லை. தட்டில் பீன்ஸும் புகையில் வெந்த மாட்டுக்கறியும் ஆறிக்கொண்டிருக்க, வரிசையாக ஆள் மாற்றி ஆள் வந்து யோசனை சொன்னார்கள்.

"உறையைக் கொஞ்சம் முன்னாடி தள்ளிக்கோ, லானி. கத்திக்கு இடம் கிடைக்கும்."

"அவன் சொல்றதைக் கேக்காத. முன்னாடி வச்சா உன் தொப்பைக்கு ஒத்துவராது. பெல்ட் தடிமனா வாங்கு."

"கத்தியோட கிளிப்பைத் திருப்பிப் போட்டியா? திருப்பிப் போட்டுப் பாரு, உட்கார்றதே தெரியாது. என் வீட்டுக்காரர் அப்படித்தான் வச்சிருக்காரு."

"உறை தோலா, பிளாஸ்டிக்கா? எங்க, சட்டையைக் கொஞ்சம் தூக்கு."

பாஸ்டர்கூட வந்து, தோளில் கை போட்டு, இன்னும் சின்ன கத்தியாகப் பார்த்து வாங்கச் சொல்லிவிட்டுப் போனார். டார்லா சிரிக்கவில்லை. லானியின் தட்டில் தன் பங்கு மக்காச்சோள ரொட்டியை எடுத்து வைத்தாள். அவள் சிரிக்காததுதான் லானிக்குத் தாங்க முடியவில்லை.

"நாற்காலி மடக்கறதும் நல்ல வேலைதான்," என்றார்.

"ரொம்ப நல்ல வேலை," என்றாள் டார்லா.

கார்லண்ட் வந்து லானியின் தோளைத் தொட்டார். "கொஞ்சம் சமையலறைப் பக்கம் வா."

சமையலறையில் வெர்னா மட்டும் இருந்தார். மேஜையில் வரிசையாக, பீச் பழம் வைத்துச் சுட்ட பலகாரங்கள், நூல் கட்டிய அட்டைப் பெட்டிகளில். லானி கார்லண்டைப் பேசவிடவில்லை.

"நீ சொல்ல வேண்டாம் கார்லண்ட், நானே சொல்லிடறேன். ஒரு ஆளுக்குத் தெரிஞ்சாலும் அதோட சரின்னு சொன்ன. எனக்குத் தெரிஞ்சு இன்னும் தெரியாதது பிள்ளைகள் அறையில தூங்குற குழந்தைங்களுக்குத்தான். நான் லாயக்கு இல்லை. ஆனா ஒண்ணு, மனசார ஆசைப்பட்டேன்ப்பா. யாருக்காவது நான் வேணும்னு இருக்கணும், அவ்வளவுதான்."

கார்லண்ட் மீசையைத் தடவினார்.

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பயிற்சி. வந்துரு."

"என்னது?"

"உன்னை எடுத்தாச்சு."

"யோவ், ஊருக்கே தெரிஞ்சுபோச்சுய்யா!"

"தெரியும். என் கண்ணு முன்னாடிதானே நடந்தது. நான் வேண்டாம்னுதான் சொன்னேன். தலைவர்தான் கண்டிப்பா இவன்தான் வேணும்னுட்டாங்க."

"தலைவரா? தலைவர் நீதானே?"

கார்லண்டின் முகம் சிவந்தது. அவ்வளவு பெரிய ஆள் வெட்கப்பட்டு லானி பார்த்ததே இல்லை. "நானும் உன்னை மாதிரிதான்," என்று முணுமுணுத்தார்.

கூடத்திலிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள். "பலகாரப் பெட்டியை அறுக்கணும், யாருகிட்ட கத்தி இருக்கு?"

லானியின் கை பழக்கதோஷத்தில் பாக்கெட்டுக்குப் போனது. அதற்குள் மேஜை மேல் இருந்த பெட்டிகளின் நூல்கள் எல்லாம் அறுந்து கிடந்தன. வெர்னாவின் கையில் ஒரு மடக்குக்கத்தி மின்னியது. லானி கண்ணை மூடித் திறப்பதற்குள், அது அந்தப் பூப்போட்ட கவுனுக்குள் எங்கேயோ போய்விட்டது. அது போன இடத்தில் வேறு எதுவோ கனமாக ஏற்கெனவே குடியிருந்தது. குத்தவும் இல்லை, இடிக்கவும் இல்லை, தெரியவும் இல்லை.

வெர்னா கையைத் துடைத்துக்கொண்டு, லானியின் கன்னத்தைச் செல்லமாகத் தட்டினார்.

"கெட்ட எண்ணத்தோட உள்ள வர்றவன் கண்ணு முதல்ல உங்க ரெண்டு பேர் மேல நிக்கணும், ராசா, அந்த நேரத்துல பியானோ வாசிக்கறவளை எவன் பார்ப்பான்?"